பிணங்களிலிருந்து தொடங்காதீர்கள்: இனப்படுகொலை நினைவு நேரம் நடத்துவது எப்படி

வருடத்துக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் முப்பது பேரோடு உட்கார்ந்து, உலகில் நடந்த ஏதாவது ஓர் இனப்படுகொலையை நினைவுகூருகிறோம். பதினொரு வருடமாக நடத்துகிறேன். சரித்திரப் பாடம் எடுப்பவள் என்பதால் இந்த வேலை என் தலையில் விழுந்தது. இப்போது பெரியவர்கள் கூடும் வாசிப்பு வட்டங்களிலும் கூப்பிடுகிறார்கள். "எப்படி நடத்துறதுன்னு எழுதிக் குடுங்க டீச்சர்" என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வருடம் நான் செய்தது முழுக்கத் தப்பு. விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் படங்கள் போட்டேன். எலும்புக் குவியல், குழிகள், கம்பி வேலிக்குப் பின்னால் ஒட்டிப்போன கன்னங்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "டீச்சர், ஹிட்லர் கொன்னது அதிகமா, கம்போடியாவுல கொன்னது அதிகமா?" என்று கேட்டான், கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற குரலில். அவன் கெட்ட பையன் இல்லை. பிணத்தை மட்டும் காட்டினால் எண்ணிப் பார்ப்பதைத் தவிர அவன் வேறு என்ன செய்வான்? மணி அடித்தது. "பாவம்" என்று சொல்லிக் கலைந்தார்கள். அந்தப் பாவத்தில் தங்களுக்கும் ஏதோ சம்பந்தம் உண்டு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஒன்றை மட்டும் எடுங்கள்

ஒரு மணி நேரத்தில் நூற்றாண்டு முழுவதையும் சொல்லிவிடப் பார்க்காதீர்கள். ஒரு வருடத்துக்கு ஒரு நிகழ்வு போதும். நாட்களைப் பொறுத்தவரை உங்களுக்குத் தட்டுப்பாடே இருக்காது. ஜனவரி 27, நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலை முகாம் 1945இல் விடுவிக்கப்பட்ட நாள். ஏப்ரல் 7, ருவாண்டாவில் 1994இல் கொலைகள் தொடங்கிய நாள். ஏப்ரல் 24, ஆர்மீனியர்களின் நினைவு நாள். 1915இல் ஒட்டோமான் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டினோபிளில் அவர்களுடைய அறிஞர்களையும் தலைவர்களையும் கைது செய்யத் தொடங்கியது அன்றுதான். ஜூலை 11, போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் போஸ்னிய செர்பியப் படைகள் கொன்ற முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் நினைவுகூரும் நாள். எந்த நாளும் தோதுப்படவில்லை என்றால் டிசம்பர் 9 இருக்கிறது. 1948இல் அந்தத் தேதியில்தான் ஐ.நா. பொதுச்சபை இனப்படுகொலை ஒப்பந்தத்தை ஏற்றது.

அந்த ஒப்பந்தத்தின் வரையறையைத் தொடக்கத்திலேயே வாசித்துவிடுங்கள், இரண்டு நிமிடம்தான் ஆகும். ஒரு தேசிய, இன, மத அல்லது மரபினக் குழுவை, அந்தக் குழு என்பதற்காகவே, முழுதாகவோ ஒரு பகுதியையோ அழிக்கும் நோக்கத்தோடு செய்யும் செயல்கள். கொலை அதில் ஒன்று. உடலுக்கும் மனத்துக்கும் கடுமையான கேடு விளைவிப்பது, பிழைக்கவே முடியாத நிலையில் தள்ளுவது, பிறப்பைத் தடுப்பது, பிள்ளைகளைப் பிடுங்கி வேறு குழுவிடம் கொடுப்பது ஆகியவையும் அதில் சேரும். எத்தனை பேர் செத்தால் இனப்படுகொலை என்று அதில் ஓர் எண்ணும் கிடையாது. ஸ்கோர் கேட்ட பையனுக்கு நான் அன்றே சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. இந்தச் சொல்லை உருவாக்கிய ரஃபேல் லெம்கின் ஒரு போலந்து யூத வழக்கறிஞர். 1944இல்தான் இது முதலில் அச்சில் வந்தது. அவருடைய சொந்தக்காரர்கள் 49 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள்.

ஓர் அட்டை

இப்போது நான் படங்கள் காட்டுவதில்லை. ஆளுக்கு ஒரு வெற்று அட்டை கொடுக்கிறேன். கெட்டித் தாளை உள்ளங்கை அளவுக்கு வெட்டிக்கொண்டால் போதும். அதில் பெயர், பிறந்த தேதி, தொழில், கையெழுத்து, புகைப்படத்துக்கு ஒரு கட்டம். அப்புறம் ஒரு வரி: ஹூட்டு, டுட்சி, த்வா.

இவை ருவாண்டா மக்களின் மூன்று பிரிவுகள். அங்கே 1930களில் பெல்ஜிய ஆட்சி கொண்டுவந்த அடையாள அட்டையில் இந்த வரி இருந்தது. அலுவலகத்தில் குமாஸ்தா பொருந்தாத சொற்களைக் கோடு போட்டு அடித்துவிடுவார், மிச்சம் நிற்பதுதான் நீங்கள். ஒரே மொழி, ஒரே மதங்கள், அடுத்தடுத்த வீடுகள், இரண்டு பக்கமும் கொண்டு கொடுத்த குடும்பங்கள். ஆனாலும் அட்டையில் ஒரு சொல்தான் மிஞ்ச முடியும். பெல்ஜியம் போன பிறகும் அட்டை போகவில்லை. 1994 ஏப்ரலில் சாலைக்குச் சாலை தடுப்புப் போட்டு நின்ற ஹூட்டுக் கொலைக் கும்பல்கள் முதலில் கேட்டது அதைத்தான். அட்டையில் டுட்சி என்று இருந்தால் அதோடு முடிந்தது. அறுபது வருடத்துக்கு முன்னால் மேஜையில் உட்கார்ந்து கோடு போட்டவர் யாரையும் கொல்லவில்லை. அவருக்கு அது ஒரு சாதாரண வேலை நாள்.

பிள்ளைகளை அட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எதையும் நிரப்ப வேண்டாம். நீ டுட்சி, நீ ஹூட்டு என்று பிரித்து நடிக்க வைக்கவே வைக்காதீர்கள். நல்லெண்ணத்தோடு அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கொல்லப்பட்டவர்களின் பயத்தை அரை மணி நேர விளையாட்டில் யாராலும் தெரிந்துகொள்ள முடியாது. கொன்றவனாக நடித்த பையன்தான் நன்றாக நடித்தோம் என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போவான்.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்கிறேன். கரும்பலகையில் பெரிதாக "இது நடக்க யார் யார் தேவை?" என்று எழுதிவிட்டுச் சும்மா நிற்கிறேன். முதலில் வருவது எப்போதுமே "கொலைகாரன்". சரி, எழுதுகிறேன். "வேற?" கொஞ்சம் மௌனம். அப்புறம் ஒருவர், "அட்டை அச்சடிச்சவர்." அதற்குப் பிறகு நிற்காமல் வரும். கோடு போட்ட குமாஸ்தா. தடுப்பில் அட்டையை வாங்கிப் பார்த்தவன். வானொலியில் பாட்டுக்கும் ஜோக்குக்கும் நடுவே யார் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று பெயரோடு வாசித்தவர். லாரிக்கு டீசல் போட்டவர். கதவைச் சாத்திக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர். கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்துச் சோறு போட்டவர். பத்து நிமிடத்தில் பலகை நிறைந்துவிடும். அதில் முக்கால்வாசி, நம் வீட்டில் யாராவது ஒருவர் பார்க்கிற வேலையாகவே இருக்கும்.

பட்டியல் முடிந்ததும் அவரவர் மனத்துக்குள் ஒரு நாற்காலியைத் தேடிக்கொள்ளச் சொல்கிறேன். இதில் எது நம் நாற்காலி? அதை வெளியே சொல்ல வேண்டாம். பெரியவர்கள் கூட்டத்தில் இந்த இடத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்கும்.

என் நாற்காலி எனக்குக் கிடைத்தது நான்காவது வருடத்தில். ருவாண்டாவில் உயிர் பிழைத்தவர்கள் பலர் தங்கள் பள்ளி நாட்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். ஆசிரியர் வகுப்புக்கு வந்து, ஹூட்டுப் பிள்ளைகள் எழுந்திருங்கள், டுட்சிப் பிள்ளைகள் எழுந்திருங்கள் என்று கணக்கெடுப்பார். தாம் எதில் சேர்த்தி என்பதையே அன்றைக்குத்தான் தெரிந்துகொண்ட குழந்தைகள் உண்டு. தெரியாமல் தப்பாக எழுந்து நின்று சிரிப்புக்கு ஆளானவர்களும் உண்டு. வகுப்பில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் வாய் பாதியில் நின்றுவிட்டது. முந்தின வாரம்தான் ஏதோ ஒரு படிவத்துக்காக, இந்தப் பிரிவைச் சேர்ந்தவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று அதே வகுப்பில் சொல்லியிருந்தேன். ஏழு பேர் நின்றார்கள். ஒருத்தி நிற்கலாமா வேண்டாமா என்று பாதி எழுந்து பாதி உட்கார்ந்திருந்தாள். நான் தலையை எண்ணிவிட்டு, "ஏழா, எட்டா? சீக்கிரம்" என்றேன்.

படிவம் அவர்களுடைய நன்மைக்குத்தான். அதுவும் இதுவும் ஒன்று என்று சொல்ல வரவில்லை, அப்படிச் சொன்னால் இரண்டுக்குமே துரோகம். ஆனால் எழுந்து நிற்க வைக்க வேண்டிய அவசியம் என்ன? ஒவ்வொருவராக மேஜைக்கு வரச் சொல்லி, படிவத்தைக் கவிழ்த்து வைத்துக் கேட்டால் இருபது நிமிடம் கூடுதலாக ஆகும். அந்த இருபது நிமிடத்தை மிச்சம் பிடிக்கத்தான் நான் அவர்களை நிற்க வைத்தேன். அதற்குப் பிறகு நிற்க வைப்பதில்லை. பதினொரு வருட நினைவுகூரலில் என் தினசரி வேலையில் உருப்படியாக மாறியது என்று காட்ட என்னிடம் இருப்பது இதுதான்.

ஆசிரியர்களுக்கு இன்னொரு தகவல் சொல்லலாம், நமக்குப் பிடிக்காது. கம்போடியாவில் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் ஆயிரக்கணக்கானவர்களைச் சித்திரவதை செய்து சாவுக்கு அனுப்பிய துவோல் ஸ்லெங் சிறை, அதற்கு முன்பு ஓர் உயர்நிலைப் பள்ளி. சிறையின் தலைவர் முன்பு கணக்கு வாத்தியார்.

தண்ணீர் அதிகமாக ஊற்றியவர்கள்

பட்டியலில் "ஒளித்து வைத்தவர்" ஒருவராவது வர வேண்டும். வரவில்லை என்றால் நீங்களே எழுதுங்கள். ஆனால் வீரக்கதையாக ஆக்கிவிடாதீர்கள். மலை போன்ற வீரனைக் காட்டினால், அது நமக்கில்லை என்று எல்லோரும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். நான் சொல்வது ஆம்ஸ்டர்டாம் கதை.

நெதர்லாந்தில் மக்கள் பதிவேடு மிகச் சுத்தமாக இருந்தது. யாருடைய மதம் எது, முகவரி எது, எல்லாம் அட்டை அட்டையாக அடுக்கி வைத்திருந்தார்கள். பதிவேட்டுத் துறையின் தலைவர் யாக்கோப் லென்ட்ஸ் வேலையில் கெட்டிக்காரர். போலி செய்யவே முடியாதபடி ஓர் அடையாள அட்டையை வடிவமைத்தார். நாஜிகள் நாட்டைப் பிடித்த பிறகு அந்தக் கெட்டிக்காரத்தனம் முழுவதும் அவர்கள் கைக்குப் போனது. அங்கிருந்த சுமார் 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள்.

1943 மார்ச் 27ஆம் தேதி இரவு, ஓவியர் வில்லெம் அரோண்டேயஸும் நண்பர்களும் போலீஸ் உடை மாட்டிக்கொண்டு ஆம்ஸ்டர்டாம் பதிவு அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள். காவலர்களைக் கொல்லவில்லை, மயக்க ஊசி போட்டு வெளியே தூக்கிக் கிடத்தினார்கள். அட்டைகளைக் கீழே கொட்டிக் குண்டு வைத்தார்கள். காட்டிக்கொடுக்கப்பட்டு, அவர்களில் 12 பேர் ஜூலை 1ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எரிந்தது பதிவேட்டில் ஒரு பகுதிதான்.

இதில் நான் நின்று சொல்கிற இடம் வேறு. தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். வேண்டுமென்றே மெதுவாக வந்தார்கள். வந்த பிறகு, தீயை அணைக்கத் தேவையானதைவிட மிக அதிகமாகத் தண்ணீர் அடித்தார்கள். எரியாமல் தப்பிய அட்டைகளில் பல ஊறிப் பாழாகின. அவர்கள் சீருடையிலேயே இருந்தார்கள், கொடுத்த வேலையைத்தான் செய்தார்கள், கொஞ்சம் மோசமாகச் செய்தார்கள். பிள்ளைகளுக்குப் பிடித்தது இதுதான். முகம் மலர்ந்துவிடும். லென்ட்ஸ் வேலையை மிக நன்றாகச் செய்தார், இவர்கள் மோசமாகச் செய்தார்கள் என்று ஒரு பெண் சொன்னபோது, நான் பாடத் திட்டத்தில் எழுதி வைத்திருந்த மீதி வாக்கியங்களைச் சொல்லவே இல்லை.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வேலை

உறுதிமொழி வாங்காதீர்கள். இனி வெறுக்க மாட்டோம் என்று கை நீட்டிச் சொல்லிவிட்டு வெளியே போய் அடித்துக்கொள்வார்கள். நான் கொடுப்பது ஒரு வார வேலை: ஒரு சின்ன நோட்டில், "அவங்க எல்லாம் இப்படித்தான்" என்ற மாதிரி வாக்கியம் எங்கே காதில் விழுந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். யார் சொன்னது என்று எழுத வேண்டாம், வாக்கியம் மட்டும் போதும். நீங்கள் சொன்னதும் சேர்த்தி.

ருவாண்டா வானொலியில் டுட்சிகளுக்கு வைத்திருந்த பெயர் கரப்பான்பூச்சி. மனிதனைக் கொல்லத் தயங்குகிறவன்கூடப் பூச்சியை மிதிக்க யோசிப்பதில்லை. நாஜிகளோ அலுவலகத் தமிழ் மாதிரி ஒரு மொழி வைத்திருந்தார்கள்: "கிழக்குக்கு இடமாற்றம்", "சிறப்பு நடவடிக்கை". இந்த இரண்டு வகையையும் நோட்டில் தனித்தனியாகக் குறிக்கச் சொல்கிறேன், பூச்சி வகை ஒரு பக்கம், கோப்பு வகை இன்னொரு பக்கம்.

நானும் எழுதினேன். மூன்றாம் நாளே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு செய்தியை அனுப்பியிருந்தார். ஒரு கூட்டத்தாரைக் கரையான் என்று சொல்லி, கீழே நான்கு சிரிக்கும் முகங்கள். குழுவிலேயே பதில் போட்டிருந்தால் சண்டை. தனியாகப் போன் செய்தேன்.

"சித்தப்பா, நீங்க அனுப்பினதுல 'இவனுங்க'ன்னா யாரு?"

"பொதுவா சொன்னதும்மா. எனக்கு வந்துச்சு, அப்படியே அனுப்பிட்டேன்."

"உங்க வீட்டுக்கு வர்ற எலக்ட்ரீஷியனும் அதுல சேர்த்தியா?"

"சே, அவன் நல்ல பையன். ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் வருவான்."

"அப்ப அவரை விட்டுட்டு மத்தவங்களைத்தான் சொன்னீங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சித்தி சாப்பிடக் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டார். மறுநாள் காலை குழுவில் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போட்டார். முந்தின செய்தி அழிந்திருந்தது. இந்த வேலையில் வெற்றி என்பது அதிகபட்சம் அவ்வளவுதான், அதைவிடப் பெரிதாக எதிர்பார்த்து ஆரம்பிக்காதீர்கள். இருந்தாலும் இந்த ஒரு கேள்வியை, "அவங்கன்னா யாரு?" என்பதை, கோபமில்லாமல் கேட்கப் பழகிக்கொள்வது வீண் போகாது. கோபத்தோடு கேட்டால் வேலை செய்யாது, நான் பார்த்துவிட்டேன்.

எண்களை என்ன செய்வது

எண் வேண்டும், இல்லாவிட்டால் அளவு புரியாது. ஆனால் தனியாக ஓர் எண்ணை எறிந்துவிட்டு நகராதீர்கள். ருவாண்டாவில் சுமார் நூறு நாட்களில் 8 லட்சம் பேர் என்பது ஐ.நா. வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அந்நாட்டு அரசு 10 லட்சத்துக்கு மேல் என்கிறது. இரண்டையும் சொல்லுங்கள். பிணங்களை ஆற்றில் விட்ட இடத்தில் துல்லியக் கணக்கு எப்படிக் கிடைக்கும் என்றும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் கடிகாரத்தை எடுங்கள். ஒரு பெயரை நிதானமாக வாசிக்க 5 விநாடி. ஸ்ரெப்ரெனிட்சாவில் 1995 ஜூலையில் கொல்லப்பட்டவர்களுக்காகப் பொட்டோச்சாரி நினைவிடத்தின் கல்லில் இருக்கும் எண் 8,372. இடைவிடாமல் வாசித்தால் 11 மணி நேரத்துக்கு மேல். 8 லட்சம் பெயர் என்றால் இரவு பகலாக 46 நாள். பெயரை வாசிக்கவே இவ்வளவு நாள், கொன்று முடிக்க நூறு நாள். ஒரு வருடம் இந்தக் கணக்கைப் பலகையில் போட்டபோது, ஸ்கோர் கேட்ட பையனைப் போன்ற ஒரு பையன் தானாகவே இரண்டு முறை வகுத்துச் சரிபார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தான்.

வரப்போகும் கேள்விகள்

"அவங்க ஏன் திருப்பி அடிக்கலை?" அடித்தார்கள். போலந்தின் வார்சாவில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோ பகுதியில் 1943 ஏப்ரலில் கையில் கிடைத்த ஆயுதங்களோடு யூதர்கள் எழுந்தார்கள். ருவாண்டாவின் பிசெசெரோ மலைகளில் டுட்சிகள் கல்லும் கம்புமாக வாரக்கணக்கில் தாக்குப்பிடித்தார்கள். இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்லத் தேவையில்லை.

"பழசை எதுக்குக் கிளறணும், வெறுப்புதானே வளரும்?" இதற்குத்தான் நேரம் ஒதுக்குங்கள். பெரியவர்கள் கூட்டத்தில் கட்டாயம் வரும், அதுவும் நல்ல மனிதர்களிடமிருந்து வரும். மறப்பது தானாக நடக்கிறது என்ற நினைப்பு இதற்குள் இருக்கிறது. ஸ்ரெப்ரெனிட்சாவில் புதைத்த சில வாரங்களிலேயே கொன்றவர்கள் மண் அள்ளும் இயந்திரங்களோடு திரும்பி வந்தார்கள். பெரிய குழிகளைத் தோண்டி உடல்களை அள்ளி, லாரிகளில் ஏற்றி, தூரத்தில் வேறு குழிகளில் கொட்டினார்கள். அதனால் ஒரே மனிதரின் எலும்புகள் இரண்டு மூன்று குழிகளில் கிடைத்தன. பல வருடம் மரபணு சோதனை செய்துதான் ஏறத்தாழ ஏழாயிரம் பேரை அடையாளம் கண்டார்கள். கிடைத்த சில எலும்புகளை அடக்கம் செய்துவிட்டு, மீதி கிடைத்ததும் குழியைத் திரும்பத் திறந்த தாய்மார்கள் இருக்கிறார்கள். மறக்கடிப்பதற்கு இயந்திரமும் டீசலும் ஆட்களும் வேண்டியிருந்தன. அந்த வண்டிகளை ஓட்டியவர்களையும் பலகைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

மூன்றாவது, கேள்வியாக வராது, முகங்களில் தெரியும்: "எங்களுக்கு நடந்ததைப் பேசாமல் எங்கேயோ நடந்ததை ஏன் பேசுகிறீர்கள்?" தமிழில் இந்தச் சொல்லைக் கேட்டதும் 2009 மே, முள்ளிவாய்க்கால் என்று மனம் போகாதவர் குறைவு. அதைத் தடுக்காதீர்கள். அழ வேண்டியவர் அழட்டும். அதற்குப் பிறகு, முடிந்தால் அதே அமர்வில், நம் பெயரால் மற்றவர்களுக்கு நடந்ததையும் ஒரு வரியாவது சொல்லுங்கள். 1990 அக்டோபரில் இலங்கையின் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். இரண்டையும் தராசில் வைத்து நிறுக்கச் சொல்லவில்லை. நம் காயத்தை மட்டுமே எண்ணுகிற பழக்கத்தோடு மற்ற நாட்டுக் கதையைப் பேசினால், அதையும் நமக்குச் சாதகமாகவே பேசுவோம். இந்த வரியைச் சொன்ன அன்று ஒருவர் எழுந்து போனார். அடுத்த வருடம் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார், ஒன்றும் பேசவில்லை.

கடைசிப் பத்து நிமிடம்

எதையும் சொல்லி முடிக்காதீர்கள். விளக்கு எரியட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். போகிறவர்கள் போகலாம் என்று சொல்லிவிட்டு நீங்கள் மட்டும் அங்கேயே இருங்கள். எப்போதும் ஒருவராவது தங்குவார். ஏதோ சொல்ல வருவார், சில சமயம் சொல்லாமலே போவார். பலகையை அவர்கள் எல்லோரும் போன பிறகு அழியுங்கள்.

அட்டைகளை மட்டும் திருப்பி வாங்கிவிட வேண்டும். முதல் தடவை அட்டை கொடுத்த வருடம் நான் வாங்கவில்லை. பாதி பெஞ்சில் கிடந்தது, பாதி தரையில். மறுநாள் காலை கூட்டிப் பெருக்குகிற அம்மா எல்லாவற்றையும் பொறுக்கி, தூசி தட்டி, ரப்பர் பேண்ட் போட்டு என் மேஜையில் வைத்துக் காத்திருந்தார்.

"முக்கியமான கார்டு போலிருக்கு, குப்பையில போட மனசு வரலை. ஒண்ணுல கூடப் பேரு இல்லையே டீச்சர், யாருக்குக் குடுக்கிறது?"

அன்றிலிருந்து எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறேன். முப்பத்திரண்டு.